மரை எத்தனை சுற்று உள்ளே?

ஒருவன் தாறுமாறாகப் பேசினால், "அவனுக்கு மரை கழன்றுவிட்டது" என்கிறோம். அது சிரிப்போடு போய்விடும். ஓடும் காரின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் தண்டில் மரை கழன்றால்?

இங்கிலாந்தில் காரைத் தாமே பூட்டிக்கொள்ளும் வழக்கம் நெடுநாளாக உண்டு. காலின் சாப்மன் 1957-இல் வெளியிட்ட 'லோட்டஸ் செவன்' கார் தனித்தனிப் பாகங்களாகவும் விற்கப்பட்டது. (அப்படி வாங்கினால் அந்நாளில் கொள்முதல் வரி கிடையாது!) இன்றும் வீட்டுக் கொட்டகையில் கார் கட்டுபவர்கள் அங்கே இருக்கிறார்கள். இத்தகைய கார்கள் பலவற்றின் சஸ்பென்ஷனில் எஃகுக் குழாய்களும், அவற்றின் முனைகளில் 'ராட் எண்ட்' என்னும் மூட்டுகளும் இருக்கும்.

உங்கள் தோளில் உள்ள பந்துக் கிண்ண மூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ராட் எண்டும் அப்படித்தான்: ஒரு வளையம், அதற்குள் அசையும் எஃகுப் பந்து. வளையத்தின் காம்பில் மரை வெட்டியிருக்கும். காம்பைக் குழாய்க்குள் திருகி, பூட்டு நட்டால் இறுக்கிவிடுவார்கள். எவ்வளவு ஆழம் திருகினால் போதும்?

கணக்கிட்டே பார்ப்போமே! காம்பின் விட்டம் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. அங்குலத்துக்கு 20 சுற்று. ஆகவே புரியிடைத் தூரம் 1.27 மி.மீ. காம்பு குறுக்கே அறுபட வேண்டுமானால் சுமார் 127 சதுர மி.மீ. எஃகு பிய்ய வேண்டும் (மரையின் பள்ளத்தை இப்போதைக்கு மறந்துவிடுவோம்). மரைப் பற்கள் சீவப்பட்டுக் காம்பு உருவிக்கொண்டு வர வேண்டுமானால்? உள்ளே சென்ற ஒவ்வொரு மி.மீ. நீளத்துக்கும் உருளையின் பக்கப் பரப்பு 40 சதுர மி.மீ. அதில் பாதி பல், பாதி பள்ளம், எனவே 20. எஃகு, இழுவையைத் தாங்குவதில் ஏறத்தாழ 60 விழுக்காடு மட்டுமே நறுக்கும் விசையைத் தாங்கும். எனவே 12 என்று கொள்வோம். 127-ஐ 12-ஆல் வகுத்தால் 10.6 மி.மீ., அதாவது எட்டரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவு.

அப்படியானால் ஒன்பது சுற்று போதுமா? போதாது. சுற்றுகள் எல்லாம் சுமையைச் சமமாகப் பகிர்ந்துகொள்வதில்லை. ஓரத்துச் சுற்றுகளே அதிகம் தாங்குகின்றன. மேலும், ஆழமில்லாமல் நட்ட கம்பம்போல், குறைவாக நுழைந்த காம்பைப் பக்கவாட்டு விசை எளிதில் ஆட்டிவிடும். அதனால்தான் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 19 மி.மீ., 15 சுற்று உள்ளே இருக்க வேண்டுமென்று கவனமாகக் கட்டுபவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். குழாய் அலுமினியமானால் இன்னும் கூடுதலாக வேண்டும்.

ஆபத்து வருவது பெரும்பாலும் பின்னால்தான். குழாயின் ஒரு முனையில் வலமரை, மறுமுனையில் இடமரை. குழாயை ஒரு முறை சுழற்றினால் இரு காம்புகளும் ஒருசேர வெளியே வந்து, நீளம் 2.54 மி.மீ. கூடும். சக்கரத்தை நேராக்க வசதிதான்! ஆனால் ஆறே சுழற்சியில் 15 சுற்று 9 ஆகிவிடும். நட்டை மீண்டும் இறுக்கிவிட்டால் பார்ப்பதற்கு எல்லாம் ஒழுங்காகவே தோன்றும்.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. விமானங்களின் கட்டுப்பாட்டுத் தண்டுகளிலும் இதைக் காணலாம். குழாயின் முனையிலிருந்து 19 மி.மீ. தள்ளி, பக்கவாட்டில் ஒரு சிறு துளை போடுகிறார்கள். அதில் மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தால், காம்பில் முட்டி நிற்க வேண்டும். தடையின்றி உள்ளே போனால் காம்பு அதுவரை எட்டவில்லை. வண்டியை எடுக்கக் கூடாது. குழாய்க்கு வண்ணம் பூசும்போது இந்தத் துளை அடைபட்டுவிடுவதுண்டு. அப்போது ஊசியால் குத்தித் திறந்துகொள்ள வேண்டும்.