கைகள் கற்கும் கல்வி

தமிழ் படிப்பிக்கும் எமக்கு வெண்கட்டியும் கரும்பலகையுமே கருவிகள். அவ்விரண்டினாலும் கற்பிக்கவியலாத ஒரு கல்வியைப் பற்றி இவ்விழா மலரில் எழுத முற்பட்டமைக்குக் காரணம் எமது வலத்தோளே. சில ஆண்டுகளுக்கு முன் அது இறுகி, கரும்பலகையின் மேல்வரிக்குக் கை எட்டாதாயிற்று. இயன்மருத்துவரை நாடினோம். ஆங்குப் பயிற்சிபெறும் மாணவி ஒருத்தி எமது மேற்கையைப் பற்றி மெல்ல அசைத்தாள். அவள் விரல்கள் நடுங்கின. "சேர், நோகுதோ?" என்றாள். அவள் மனம் நோகலாகாதென்று, "இல்லைப் பிள்ளை" எனப் பொய் கூறினோம். அருகில் நின்ற மூத்த இயன்மருத்துவர் எம் முகத்தைப் பார்த்து, "மாஸ்ரர், நோவைச் சொன்னால்தான் பிள்ளை படிக்கும்" என்று கூறி, அவள் கையின்மேல் தம் கையை வைத்தார். கணப்பொழுதிற் பிடி மாறியது, நோவும் குறைந்தது. மாறியது யாது என்று கேட்பின், இலக்கணம் கற்பிக்கும் எமக்கும் அதனை உரைக்கச் சொல் இல்லை.

மூட்டையும் தசையையும் கையால் அழுத்தியும் அசைத்தும் நோய் தணிக்கும் வழக்கம் மிகத் தொன்மையானது. அதனை முறையான கல்வியாக்கினோர் பலர். யப்பானிலே பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுகியாமா வாய்ச்சி என்னும் பார்வையற்ற மருத்துவர், தம்மைப் போன்றோர்க்கு ஊசி மருத்துவமும் உடல் பிடித்துவிடுதலும் கற்பிக்கும் பள்ளிகளை நிறுவினார். சுவீடனிலே பேர் என்றிக் லிங் என்பார் 1813இல் ஸ்ரொக்கோம் நகரில் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கினார். இலண்டனிலே, பயிலாதோர் செயலால் இத்தொழிலின் நற்பெயர் கெடுவதைக் கண்ட பெண்மணிகள் நால்வர் 1894இல் ஒரு சங்கம் அமைத்து, பரீட்சையும் ஒழுக்க விதியும் வகுத்தனர். முதல் உலகப் போரிற் கண்ணிழந்த பிரித்தானியப் போர்வீரர் சிலரும் இத்தொழிலைக் கற்றுப் பணியாற்றினர். இக்கல்விக்குத் தலைமைப் புலன் கண் அன்று, தொடுவுணர்வே என்பதற்கு இவை போதிய சான்றாகும்.

தொடுவுணர்வை அளவுபடுத்துவது எங்ஙனம்? அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரைச் சேர்ந்த ஜெவ்ரி மெயிற்லண்ட் என்பார் மூட்டசைவுகளை நான்கு படிகளாக வகுத்தார். அசைவின் தொடக்கத்திற் செய்யும் சிற்றசைவு முதலாவது; தடையை எட்டாத பேரசைவு இரண்டாவது; தடைவரை செல்லும் பேரசைவு மூன்றாவது; தடையின் எல்லையிற் செய்யும் சிற்றசைவு நான்காவது. முன்னிரண்டும் பெரும்பாலும் நோவைத் தணித்தற்கும், பின்னிரண்டும் இறுக்கத்தைத் தளர்த்தற்கும் பயன்படும். இவை எமது மாத்திரைக் கணக்கை நினைவூட்டுவன. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று மனனஞ் செய்த மாணவன், செவியாற் கேட்டு நாவாற் பழகும்வரை நெடிலை நெடிலாக ஒலிப்பதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது.

ஆகவே நல்லாசிரியர் நான்கு கட்டமாகக் கற்பிப்பதுண்டு. முதலில் ஒன்றும் பேசாது, இயல்பான வேகத்திற் செய்து காட்டுவார். இரண்டாவது, ஒவ்வொரு கூறையும் விளக்கிக்கொண்டு செய்வார். மூன்றாவது, மாணவர் சொல்ல அவர் செய்வார். நான்காவது, மாணவரே சொல்லிச் செய்வர். பின்னர் மாணவர் ஒருவர்மேல் ஒருவர் பழகுவர். இதனால் தொடுதலை மட்டுமன்றித் தொடப்படுதலையும் அறிவர். நிறை பார்க்கும் தராசின்மேல் உள்ளங்கையை ஊன்றித் தம் அழுத்தத்தை அளந்து பழகுவதும் உண்டு. எனினும் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் அளவு காட்டிக்கொண்டே இருந்தால், மாணவர் அவ்வேளை செம்மையாகச் செய்து, கருவியை அகற்றியதும் தடுமாறக்கூடும். இடையிடையே மட்டும் அளவு காட்டின் கற்றது நிலைக்கும். அடிக்கு அடி எடுத்துக்கொடுக்கும் ஆசிரியரிடம் செய்யுள் ஒப்புவித்த மாணவனின் நிலையும் இதுவே.

இக்கல்விக்கு எல்லையும் உண்டு. ஒரே முதுகைத் தொட்டுப் பார்க்கும் இருவர், எந்த எலும்பிணைப்பு இறுகியுள்ளது என்பதிற் பலகால் ஒத்துக்கொள்வதில்லை என ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆதலின் விரலறிவை மட்டும் நம்பாது, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அசைவை அளக்கவும், நோயாளியின் சொல்லைக் கேட்கவும் மாணவர் பழக்கப்படுகின்றனர்.

இதனினும் பெரிது ஒன்றுண்டு. வகுப்பறையில் மாணவர் பழகுவது பெரும்பாலும் இளமையும் நலமும் உடைய உடல்களில். பின்னர் அவர் கைக்கு வருவனவோ எலும்பு தேய்ந்த முதியவரின் முதுகும், முறிவோ கிருமித் தொற்றோ புற்றுநோயோ மறைந்திருக்கக்கூடிய மூட்டுமாகும். கழுத்தை விசையோடு திருப்புதலால், அரிதாயினும், மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் ஊறுபட்டமையும் உண்டு. எனவே கைவைக்கும் முறையோடு, கைவைக்கலாகாத இடத்தையும், இசைவு கேட்டபின்னரே தொடும் ஒழுக்கத்தையும் கற்பியாத பயிற்சி முழுப் பயிற்சியாகாது. தம் மக்களை இத்துறைக்கு அனுப்ப எண்ணும் பழைய மாணவர், சான்றிதழின் அழகை நோக்காது, ஆசிரியரின் கண்முன் கைபழகும் மணித்தியாலங்கள் எத்தனை என்றும், "இவருக்குச் செய்யேன்" என்று சொல்லக் கற்பிக்கின்றனரா என்றும் வினவுவாராக.

எமது தோள் பல மாதங்களிற் சீராயிற்று. அந்நோய் காலப்போக்கில் தானாகவும் தணியும் இயல்புடையதாதலின், புகழ் முழுவதையும் மருத்துவர் கைக்கே ஏற்றுவது முறையன்று. ஆயினும் அன்று தொடக்கம் அம்மாணவி வினவியபோதெல்லாம் யாம் உண்மையே கூறினோம். அவள் விரல்களின் நடுக்கமும் நாளடைவில் நீங்கியது. பயிலும் கைக்கு நோயாளியும் ஓர் ஆசிரியனே. அவன் பொய் சொன்னால் பாடம் பிழைத்துவிடும்.