எக்ஸ்ரே நார்மல்னா முட்டி ஜவ்வும் நார்மலா? எம்ஆர்ஐ சொல்வது என்ன?

பொங்கல் கபடிப் போட்டி, வழுக்கும் வயல் வரப்பு, பைக் சறுக்கல்... திருவையாறு வட்டாரத்தில் முட்டி திருகிக்கொள்ளக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. எக்ஸ்ரே எடுத்து, ‘எலும்பு உடையல’ என்று தெரிந்ததும் எண்ணெய் தடவி, கட்டுப் போட்டு, பத்தே நாளில் மறுபடி களத்தில் இறங்குபவர்கள் உண்டு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

எக்ஸ்ரேவில் ஏன் தெரியாது?

எக்ஸ்ரே எலும்பைத்தான் தெளிவாகக் காட்டும். முட்டியைப் பிடித்து நிறுத்தும் ஏசிஎல், பிசிஎல், எம்சிஎல், எல்சிஎல் ஆகிய 4 முக்கிய ஜவ்வுகள் அதில் தெரியாது. ஓடும்போது சட்டெனத் திரும்பினால் அறுந்துபோக வாய்ப்புள்ளது ஏசிஎல். ‘டப்’ என்ற சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம், நடக்கும்போது முட்டி நழுவுவது போன்ற உணர்வு ஆகியவை இதன் அறிகுறிகள்.

எம்ஆர்ஐயில் என்ன பார்க்கிறார்கள்?

இதில் காந்தமும் ரேடியோ அலைகளும்தான். எக்ஸ்ரே கதிர்வீச்சு கிடையாது. நல்ல ஜவ்வு கறுப்புப் பட்டையாகத் தெரியும். அறுந்திருந்தால் பட்டை தொடர்ச்சி விட்டு, வெளுத்து, வீங்கியிருக்கும். எலும்புக்குள் உள்காயம், மெனிஸ்கஸ் எனும் குஷனில் கிழிசல் இருந்தாலும் சேர்ந்தே தெரியும்.

ஆனால் பாதிக் கிழிசலா, முழுக் கிழிசலா என்பதில் எம்ஆர்ஐயும் சில நேரம் தடுமாறும். அதனால்தான் முட்டியை லேசாக மடக்கி, கீழ்க்காலை முன்னே இழுத்துப் பார்க்கும் ‘லாக்மன்’ பரிசோதனையை டாக்டர்கள் விடுவதில்லை.

ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறலாமா?

வேண்டாம். அமெரிக்காவில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், மெனிஸ்கஸ் கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டி வலியே இல்லை. படம் மட்டும் முடிவு சொல்லாது.

எல்லோருக்கும் ஆபரேஷனா?

இல்லை. வயது, வேலை, விளையாட்டு, முட்டி எவ்வளவு நழுவுகிறது என்பதை வைத்தே முடிவு. சிலருக்குப் பிசியோதெரபியே போதும். பல ஜவ்வுகள் அறுந்தால் மீள நாளாகும். 2022 டிசம்பர் 30 கார் விபத்தில் வலது முட்டியில் அடிபட்ட கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த், அடுத்த மாதமே ஆபரேஷன் செய்தும், 2024 மார்ச்சில்தான் ஐபிஎல்லுக்குத் திரும்பினார்.

கவனிக்காமல் விட்டால்?

முட்டி நழுவும் ஒவ்வொரு முறையும் மெனிஸ்கஸ் கிழிய வாய்ப்பு அதிகம். பின்னாளில் மூட்டுத் தேய்மானமும் சீக்கிரம் வரலாம். எனவே வீக்கமோ நழுவலோ இருந்தால் எலும்பு மூட்டு டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்கேனுக்குப் போகும்போது பேஸ்மேக்கர், உடலில் உலோகம் எதுவும் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை கபடிக்கு லீவு!