மரம் நட்டால் இடத்தைக் காலி செய்யும் குருவி: கொங்கு மண்ணின் சாம்பல் தலை வானம்பாடி

வானம்பாடி என்றதும் கோவைக்காரர்களில் பலருக்கு 1971இல் இங்கிருந்து கிளம்பிய புதுக்கவிதை இதழ்தான் ஞாபகம் வரும். நிஜ வானம்பாடியைப் பார்த்தவர்கள் குறைவு. பார்த்தவர்களும் 'ஏதோ சிட்டுக்குருவி' என்று நினைத்துக் கடந்திருப்பார்கள்.

சாம்பல் தலை வானம்பாடி சிட்டுக்குருவியைவிடச் சின்னது, 12 செ.மீ.தான் இருக்கும். ஆணுக்குத் தலை சாம்பல், கன்னம் வெள்ளை, கண்ணை ஒட்டிய பட்டையும் அடிவயிறும் கன்னங்கரேல். பெண் முழுக்க மண் நிறம். இதன் அறிவியல் பெயர் எரெமோப்டெரிக்ஸ் கிரிசியஸ். முதல் பாதிக்குக் கிரேக்கத்தில் 'பாலைவனச் சிறகு' என்று பொருள். இதன் நெருங்கிய சொந்தம் ஒன்று ராஜஸ்தான் தார் பாலைவனத்தில் வாழ்கிறது. ஆனால் இந்த இனம் அறிவியல் ஏட்டில் ஏறியது நம்ம செஞ்சியில் பார்த்த பறவையை வைத்து! பிரெஞ்சுப் பயணி சொன்னரா எழுதிய குறிப்பைக் கொண்டு 1786இல் ஸ்கோபோலி இதற்குப் பெயர் வைத்தார்.

அப்படி என்ன வித்தை?

ஆண் குருவி படபடவெனச் சிறகடித்து நேராக மேலே ஏறும். பிறகு சிறகை மடக்கி, நீளமாக விசிலடித்தபடி தலைகீழாகப் பாயும். 'அவ்வளவுதான், மோதிடுச்சு' என்று நாம் நினைக்கும் நொடியில் வளைந்து, பாய்ந்த வேகத்திலேயே மீண்டும் மேலே போகும். இப்படிச் சில சுற்று முடித்துவிட்டு ஒரு கல் மேலோ மண்கட்டி மேலோ வந்து உட்காரும். மரக்கிளையைத் தேடாது.

கூடும் தரையில்தான். மண்கட்டி அல்லது புல் குத்து ஓரமாகச் சின்னக் குழி, உள்ளே மெத்தென்று நார், விளிம்பில் சில சமயம் கூழாங்கல். அதில் இரண்டு மூன்று முட்டைகள். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். ஆபத்து என்றால் தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும். இரண்டடி தள்ளி நின்றாலும் தெரியாது.

கொரங்காட்டில் என்ன இருக்கிறது?

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் காங்கேயம், தாராபுரம் பக்கம் போனால் கொரங்காடு தெரியும். கிளுவை வேலி, அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடுகள் மேய்ந்து வளரும் பட்டா நிலம் இது. மாடு மேய்வதால் புல் கட்டையாக இருக்கும், இடையிடையே வெறும் தரையும் கிடைக்கும். விதையும் பூச்சியும் பொறுக்கித் தின்னும் வானம்பாடிக்கு இதைவிட வசதி வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால், இந்த நிலம் வெளியாள் கண்ணுக்கு 'சும்மா கிடக்கிற பொட்டல்'. மனைக்கல் நடலாம், சோலார் பலகை நிறுத்தலாம், மேய்ச்சலை விட்டால் சீமைக்கருவேலம் தானாக மூடிவிடும். இன்னொரு ஆபத்து, நல்ல மனசோடு வருவது. வார இறுதியில் கன்று நடக் கிளம்பும் ஐடி நண்பர்கள் இதுபோன்ற திறந்தவெளியைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். நிழல் அடர்ந்தால் இந்தக் குருவிக்கு அங்கே வேலை இல்லை.

உலக அளவில் இது அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் அல்ல. ஆனால் ஒரு மேய்ச்சல் காடு லேஅவுட் ஆனால், அந்தக் காட்டின் கூடுகள் போனது போனதுதான்.

பார்க்க ஆசையா? பல்லடம் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, வேலிக்கு வெளியிலேயே நின்று விசில் சத்தத்தைக் கேளுங்க. கூடு கண்ணில் பட்டால் போட்டோவுக்காக நெருங்க வேண்டாம். நீங்கள் நின்ற இடத்தைக் காக்கா கவனித்துக்கொண்டிருக்கும்.