நஞ்சு முறிக்கும் கல்லும் ‘முஜர்ரப்’ என்னும் சொல்லும்

சென்ற ரமளான் விடுமுறையில் நம் தம்பியின் மகள் ஆங்கிலக் கதைநூல் ஒன்றைக் கையில் ஏந்தியவளாய் நம்மிடம் வந்தாள். “பெரியத்தா, ஆட்டின் வயிற்றிலே உண்டாகிற ஒரு கல் எந்த விஷத்தையும் முறித்துவிடுமாமே, மெய்தானா?” என்று கேட்டாள். ஜே.கே. ரௌலிங் என்னும் பெண்மணி எழுதிய ஹாரி பாட்டர் கதை வரிசை அது. 1997இல் வெளிவந்த முதல் நூலில், மாயவித்தை கற்பிக்கும் பள்ளியின் ஆசிரியர் தம் முதல் பாடத்திலேயே அக்கல்லைப் பற்றி வினவுகிறார். 2005இல் வந்த ஆறாம் நூலில், நஞ்சு கலந்த பானத்தைப் பருகி வீழ்ந்த மாணவன் ஒருவனின் வாயில் அதே கல்லைத் திணித்து அவன் உயிரை மீட்கிறான் கதைத் தலைவன். கல்லின் பெயர் ‘பெஸோர்’. அச்சிறுமி அதனைக் கதாசிரியையின் கற்பனை என்றே எண்ணியிருந்தாள். அக்கல் நம் முன்னோரின் மருத்துவ நூல்களிலிருந்து புறப்பட்டுப் போனது என்று நாம் கூறியபோது அவள் நம்பவில்லை. அவளுக்குச் சொன்ன மறுமொழியே சற்று விரிந்து இக்கட்டுரையாயிற்று.

பெஸோர் என்பது பாரசீகச் சொல்லான ‘பாத்ஸஹ்ர்’ என்பதன் திரிபாகும். ‘பாத்’ என்பது காப்பு. ‘ஸஹ்ர்’ என்பது நஞ்சு. அரபியில் ‘ப’கர வல்லொலி இல்லாமையால் அது ‘பாதிஸஹ்ர்’ என்றும் ‘பாஸஹ்ர்’ என்றும் மென்மையுற்று வழங்கியது. அரபி நூல்கள் இலத்தீனில் பெயர்க்கப்பட்டபோது சொல்லும் உடன் சென்றது. இன்றைய பாரசீகத்திலும் நஞ்சுமுறி மருந்துக்குப் ‘பாத்ஸஹ்ர்’ என்றே பெயர். யூனானி மருத்துவர்கள் ‘ஸஹர் மொஹ்ரா’ என்று வழங்கும் கல்லும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

கல் என்று சொன்னாலும் அது நிலத்தில் அகழ்ந்தெடுப்பது மட்டுமன்று. அரபு மருத்துவர்கள் இதனைக் கனிமப் பாதிஸஹ்ர் என்றும் விலங்குப் பாதிஸஹ்ர் என்றும் இருவகையாகப் பிரித்தனர். உயர்வாகக் கருதப்பட்டது பின்னதே. பாரசீக மலைகளில் திரியும் காட்டாட்டின் இரைப்பையில், செரியாத நாரோ மயிரோ விதையோ உள்ளீடாக நிற்க, அதனைச் சுற்றிச் சுண்ணாம்பு போன்ற உப்புகள் ஏடு ஏடாகப் படிந்து, வெங்காயத்தைப் போன்று அடுக்கடுக்காக வளர்வது அது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கோரோசனையோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. கோரோசனை மாட்டின் பித்தப்பையில் உண்டாவது. இது இரைப்பையில் உண்டாவது. இதனை உரைத்துப் பொடியாக்கி நீரில் கலந்து பருகினாலும், கடிவாயில் தூவினாலும் நஞ்சு இறங்கும் என்று நம்பினர். அரசர்கள் பொன்னில் பதித்து இடுப்பில் அணிந்தனர். நஞ்சுக்கு அஞ்சி உண்பதும் பருகுவதுமாகக் கழிந்த அரண்மனை வாழ்வில் அக்கல்லுக்கு இருந்த மதிப்பை எளிதில் ஊகிக்கலாம்.

கல்லுக்கு இணையாகப் புகழ் பெற்றிருந்தது ‘திர்யாக்’ என்னும் லேகியம். விலங்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. கி.மு. 63இல் இறந்த போன்டஸ் நாட்டு மன்னன் மித்ரிடேட்டஸ், நஞ்சுகளைச் சிறுகச் சிறுக உண்டு உடலைப் பழக்கினான் என்பது வரலாறு. அவன் பெயரால் வழங்கிய மருந்தில், நீரோ மன்னனின் மருத்துவரான அன்ட்ரோமகஸ் விரியன் பாம்பின் இறைச்சியைச் சேர்த்தார். சரக்குகள் 60க்கும் மேற்பட்டனவாயின. ஹிஜ்ரி 595இல் (கி.பி. 1199) எழுதப்பட்டு இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கும் ‘கிதாபுத் திர்யாக்’ என்னும் ஓவியச் சுவடி, பாம்பிறைச்சி மருந்தான விதத்தைக் கதையாகவே கூறுகிறது. வயலில் உழைப்போருக்கு வந்த மதுச் சாடியில் விரியன் ஒன்று செத்து அழுகிக் கிடந்தது. அவர்கள் அதனை, சாவை வேண்டிக் கிடந்த தொழுநோயாளி ஒருவனுக்கு, துன்பம் தீரட்டும் என்று கொடுத்தனர். அவனோ நோய் நீங்கி எழுந்தான். இதனை நாம் கதையாகவே கொள்ளுகிறோம். ஆயினும் இத்தகைய கதைகளே மருந்துக்குச் சான்றாக நின்றன என்பது நோக்கத்தக்கது.

பாம்பிறைச்சி கலந்த மருந்து ஆகுமா என்னும் வினா மார்க்கச் சட்ட அறிஞர்களிடமும் எழுந்தது. திர்யாக் அருந்துவதை வெறுத்துரைக்கும் அறிவிப்பொன்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) வாயிலாக அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. அது நபி (ஸல்) அவர்களுக்கு மட்டும் உரியது என்றும், சிலர் திர்யாக்கை அனுமதித்துள்ளனர் என்றும் இமாம் அபூதாவூதே அதனடியில் குறிக்கிறார். விரியன் இறைச்சி சேர்வதே வெறுப்புக்குக் காரணம், அது சேராத திர்யாக்கில் குற்றமில்லை என்பது அல்-கத்தாபி (ரஹ்) அவர்களின் விளக்கம். ஹஸன் பஸரீ, இப்னு ஸீரீன் ஆகியோர் வெறுத்ததையும் ஷஅபீ அனுமதித்ததையும் இப்னு குதாமா எடுத்துக்காட்டுகிறார். இங்கு ஒன்று கருதத்தக்கது. மருந்து தூயதா என்று கேட்டவர்கள் ஃபகீஹ்கள். மருந்து பயன் தருமா என்று கேட்க வேண்டியவர்கள் மருத்துவர்கள். முதல் கேள்விக்கு நம்மிடம் எத்தனை நுட்பமான விடைகள்! இரண்டாம் கேள்விக்கு?

இதே காலத்தில் நஞ்சு முறிக்கும் கிண்ணங்களும் வார்க்கப்பட்டன. பாம்பு, தேள், வெறிநாய் ஆகியவற்றின் உருவங்களும் திருமறை வசனங்களும் எண்களும் பொறிக்கப்பட்ட உலோகக் கிண்ணங்கள் இவை. தேதி பொறித்தவற்றுள் நமக்குக் கிட்டியவற்றில் மிகப் பழையது, ஹிஜ்ரி 565இல் (கி.பி. 1169–70) ஷாம் நாட்டு மன்னர் நூருத்தீன் ஸங்கீக்காகச் செய்யப்பட்டது. கடியுண்டவர் அதில் நீர் பருக வேண்டும். அவர் வர இயலாவிடில், செய்தி கொண்டுவந்தவர் பருகினாலும் போதும் என்கிறது இவ்வகைக் கிண்ணங்களின் எழுத்து! கடிபட்டவன் ஓரூரில், மருந்துண்பவன் வேறூரில். தேள் கடிக்கு ஃபாத்திஹா ஓதிய ஸஹாபியின் நிகழ்ச்சி புகாரியில் உள்ளது. அதனை நாம் ஏற்கிறோம். தூதுவனைக் குடிக்கச் செய்து நோயாளியைக் குணமாக்கும் இவ்வித்தைக்கு அங்கே இடமில்லை.

கிண்ணத்திலும் சரி, மருந்து நூல்களிலும் சரி, தவறாது காணப்படும் சொல் ஒன்றுண்டு: ‘முஜர்ரப்’. சோதித்தறியப்பட்டது என்பது பொருள். ‘முஜர்ரபாத்’ என்ற பெயரில் நம் ஊர்ப் புத்தகக் கடைகளிலும் ஏடுகள் விற்பதை வாசகர்கள் அறிவர். இலக்கணம் கற்றோர்க்கு ஒரு நுட்பம் தெரியும். ‘ஜர்ரப’ என்பது ‘ஃபஅஅல’ என்னும் அழுத்த வடிவம். ஒருமுறை செய்து பார்ப்பதை விட, திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பதற்கே அவ்வடிவம் இசைவானது. யார் சோதித்தார், எத்தனை முறை, எதன்மீது என்று கேட்காமலேயே அச்சொல்லை முத்திரையாகக் குத்திவிட்டனர். ஒரு ஹதீஸின் அறிவிப்பாளரை அத்தனை வடிகட்டிப் பார்த்த சமுதாயம், மருந்தின் அறிவிப்பாளரை அவ்வாறு பார்க்கவில்லை.

எல்லோரும் அவ்வாறிருந்தனர் என்பது அநீதி. கி.பி. 1048ஐ ஒட்டி மறைந்த அல்-பிரூனீ, தம் ‘அல்-ஜமாஹிர்’ என்னும் இரத்தின நூலில், மரகதத்தைக் கண்டால் பாம்பின் கண் உருகிவிடும் என்ற நெடுநாள் நம்பிக்கையை எடுத்துக்கொள்கிறார். மரகத மாலையைப் பாம்புக்கு அணிவித்தார். அதன் கூடையில் மரகதம் பரப்பினார். கண்முன் மரகதச் சரத்தை ஆட்டினார். வெயிற்காலமும் குளிர்காலமுமாக 9 மாதம் இவ்வாறு செய்தும் ஒன்றும் நேரவில்லை. பாம்பின் பார்வையைக் கூர்மையாக்கியிருந்தாலன்றி அதன் கண்ணில் வேறொன்றும் நிகழவில்லை என்று எள்ளல் தோன்ற முடிக்கிறார். இரண்டு நூற்றாண்டு கழித்து வந்த அத்-தீஃபாஷீ என்னும் இரத்தின அறிஞரோ, தாமே சோதித்ததாகவும் விரியனின் கண் பிதுங்கியதாகவும் எழுதினார். இருவரும் சோதித்தோம் என்கிறார்கள். பிரூனீ எப்படிச் செய்தார், எத்தனை நாள் செய்தார் என்பதை நாம் படித்தறிய முடிகிறது. நாமும் அவ்வாறே செய்து பார்க்க இயலும். அதனாலேயே அவர் பக்கம் நம் மனம் சாய்கிறது.

ஸலாஹுத்தீன் அய்யூபியின் அமைச்சரான அல்-காழி அல்-ஃபாழிலுக்காக யூத மருத்துவர் மூஸா இப்னு மைமூன் 1199இல் அரபியில் எழுதிய நஞ்சு பற்றிய நூல் இன்னொரு சான்று. கனிமப் பாதிஸஹ்ரில் தமக்குக் கிடைத்த வகைகளையெல்லாம் தேள் கடிக்குப் பயன்படுத்திப் பார்த்ததாகவும், சிறிதும் பயன் இல்லை என்றும் அவர் மறைக்காது கூறுகிறார். அதே கையால், விலங்குப் பாதிஸஹ்ர் பலன் தருமென்று முன்னோர் வழியை ஒட்டி ஏற்கவும் செய்கிறார். பாதி தூரம் நடந்து நின்ற சோதனை என்று நாம் இதனைச் சொல்வோம். இப்னு ருஷ்தும் திர்யாக்கை மறுக்கவில்லை; நலமாயிருப்போர் அதனை முன்காப்பாக உண்பது தீங்கு என்று எல்லை வகுத்ததோடு நின்றார்.

முழுச் சோதனை நிகழ்ந்தது ஐரோப்பாவில்; அதுவும் கொடிய முறையில். 1560களில் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் சார்லஸிடம் ஒருவர் பெஸோர் கல்லைக் கொணர்ந்தார். அறுவை மருத்துவர் அம்ப்ருவாஸ் பாரே அதன் ஆற்றலை ஐயுற்றார். வெள்ளித் தட்டுகளைத் திருடித் தூக்குக்குக் காத்திருந்த சமையற்காரன் ஒருவன், நஞ்சுண்டு கல்லால் பிழைத்தால் விடுதலை என்ற பேச்சுக்கு இசைந்தான். சவ்வீரம் என்னும் ரச நஞ்சு கொடுத்து, பின்னே கல்லும் கொடுத்தனர். 7 மணி நேரம் துடித்து இறந்தான். கல் நெருப்பில் எறியப்பட்டது. ஆனால் அதன் வணிகம் எரியவில்லை. 1603இல் இங்கிலாந்தில் 100 பவுனுக்கு விற்ற கல் பெஸோரே அன்று என வழக்கு நடந்தது. உறுதிமொழி கொடுக்காமல் வெறுமனே சொன்னதற்கு விற்றவர் பொறுப்பல்லர் என்று தீர்ப்பாயிற்று. நம் ஃபிக்ஹின் ‘கியாருல் ஐப்’ பாடத்தை நடத்தும்போது மாணவர்க்கு இவ்வழக்கைச் சொல்வது நமது வழக்கம்.

நியாயத்துக்காக இதனையும் கூறல் வேண்டும். பெஸோரிலுள்ள பாஸ்பேட் உப்பும் மயிரின் கந்தகப் பொருளும், கரைசலில் இருக்கும் ஆர்ஸனிக் என்னும் பாஷாணத்தை ஈர்த்துக்கொள்வதை அண்மைக்கால ஆய்வாளர் கண்டுள்ளனர். அரசர்களின் கோப்பைகளில் அதிகம் கலந்தது பாஷாணமே. ஆகவே நம்பிக்கைக்கு ஒரு சிறு துளி அடிப்படை இருந்திருக்கலாம். பாம்பு நஞ்சுக்கும் ரச நஞ்சுக்கும் அது பொருந்தாது.

இவ்விடத்தில் நம் சொந்தக் கதையைச் சொல்லாமல் கடக்க இயலவில்லை. நமக்கு 14 வயதிருக்கும். பெரியத்தாவின் மகன், நம்மினும் இரண்டு வயது மூத்தவர், வயல் வரப்பில் கடியுண்டார். பக்கத்து ஊரில் விஷக்கல் வைத்திருந்த பெரியவரிடம் தூக்கிச் சென்றோம். அது பாதிஸஹ்ர் அன்று. எலும்பைச் சுட்டுக் கரியாக்கிய, நுண்துளைகள் நிறைந்த கல். அவர் காசு வாங்காதவர், தொழுகை தவறாதவர். கல் கடிவாயில் ஒட்டிக்கொண்டது. சற்று நேரத்தில் தானாக உதிர்ந்தது. நஞ்சைக் குடித்துவிட்டது என்றனர். பாலில் இட்டார்கள், குமிழி வந்தது. அனைவரும் அல்ஹம்துலில்லாஹ் என்றோம். அன்று மாலை அண்ணனின் ஈறுகளில் இரத்தம் கசிந்தது. கண்ணாடி விரியனின் அடையாளம் அதுவென்று பிற்பாடே அறிந்தோம். மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் காலம் கடந்திருந்தது. நுண்துளைகள் குருதியின் ஈரத்தை உறிஞ்சுவதால் கல் ஒட்டுகிறது, நிறைந்ததும் விழுகிறது, பாலில் வரும் குமிழி துளைகளிலிருந்து வெளியேறும் காற்று. அப்பெரியவர் பொய்யர் அல்லர். நஞ்சில்லாப் பாம்புகள் கடித்தோரும், நஞ்சிருந்தும் அதனைச் செலுத்தாமல் கடித்துவிட்ட பாம்பிடம் தப்பியோரும் அவர் கல்லால் பிழைத்ததாகவே நம்பினர். அவருடைய கண்ணுக்கு அது முஜர்ரபாகவே தோன்றியிருக்கும்.

2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிடுகிறது. ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலோர் சிற்றூரினர். மருந்தோ 1890களிலேயே பிறந்துவிட்டது. ஆல்பெர்ட் கால்மெத் முதலியோர் பாம்பு நஞ்சைச் சிறுகச் சிறுக விலங்கின் உடலில் ஏற்றி, அதன் குருதியில் விளையும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தனர். மித்ரிடேட்டஸ் தன்னுடலில் செய்ய எண்ணியதை இன்று குதிரையின் உடல் செய்து தருகிறது. நம் நாட்டு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் உரியது. அதற்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தருவோரில் முதன்மையானோர், 1978இல் தொடங்கி மாமல்லபுரத்தருகே வடநெம்மேலியில் இயங்கிவரும் கூட்டுறவுச் சங்கத்தின் இருளர்கள். அரபியில் இம்மருந்துக்கும் ‘திர்யாக்’ என்ற பெயர் வழங்குகிறது. கடியுண்டவரை அசையவிடாமல் படுக்கவைத்து, கட்டுப்போடாமலும் கீறாமலும் உறிஞ்சாமலும், விரைந்து மருத்துவமனை சேர்ப்பதே இன்றைய முறை. இறுகக் கட்டி உறிஞ்சச் சொன்ன இப்னு மைமூனும் இதில் பிழைபட்டவரே. ஓத விரும்புவோர் வண்டியில் செல்லும்போதே ஓதலாம். ஓதுவதற்கு வண்டியை நிறுத்த வேண்டியதில்லை.

அண்ணன் இறந்தபின் அப்பெரியவர் எவருக்கும் அக்கல்லை வைக்கவில்லை என்று கேள்வி. நாம் ஓதி முடித்து ஆசிரியப் பணியேற்ற ஆண்டில் அவரே வந்து, ஒன்றும் பேசாமல், சிறு துணி முடிச்சில் கட்டியதை நம் கையில் வைத்துவிட்டுப் போனார். அல்-பிரூனீயின் பாம்புச் சோதனையை வகுப்பில் விளக்கும் நாளில் அதனை மேசைமீது வைப்போம். மாணவர் ஒருவர் விரலை நீரில் நனைத்து அதன்மீது வைப்பார். கல் விரலில் ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் ஒரு வியப்பொலி எழும். விழுமட்டும் காத்திருங்கள் என்போம்.