இணையம் முரண்டு பிடித்தால்...

வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் "கரண்ட் போய்விட்டது" என்று உடனே மின்வாரியத்தைக் குறை சொல்லுகிறோம். அடுத்த வீட்டில் விளக்கு எரிவதைக் கண்ட பிறகுதான் நம் வீட்டு ஃப்யூஸைப் பார்க்கத் தோன்றுகிறது. இணையத்தின் கதையும் ஏறக்குறைய இதுவே. பக்கம் திறக்காவிட்டால் கம்பியிலோ கோபுரத்திலோ பழுது என்று முடிவு கட்டிவிடுகிறோம். இணைப்புக் கொடுத்த நிறுவனம் நம் கணிப்பொறியில் ஏற்றிவிட்டுப் போன மென்பொருளே காரணமாக இருக்கலாம் என்று எத்தனை பேர் எண்ணுகிறோம்? நாங்களும் எண்ணியதில்லை. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலைப்பொழுது எங்களுக்கு அதைக் கற்றுக் கொடுத்தது.

அன்று பன்னிரண்டாம் வகுப்பு அக்கா ஒருவர் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அதுவே கடைசி நாள். மாலை ஐந்து மணி வரைதான் நேரம். அவருடைய சான்றிதழ்களின் படங்கள் எல்லாம் எங்கள் கணிப்பொறி அறையின் மூலையில் உள்ள பழைய கணிப்பொறியில் இருந்தன. மணி மூன்றரைக்கு அதன் முன் அமர்ந்தோம். எந்தப் பக்கமும் திறக்கவில்லை. வேறோர் உலாவியில் முயன்றோம், பயனில்லை. அணைத்துப் போட்டோம்; மோடத்தின் கம்பியைப் பிடுங்கிச் செருகினோம்; அதுவும் வீண். "கொட்டுகிற மழையில் பிரவுசிங் சென்டருக்கு ஓடட்டுமா?" என்று அக்கா கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது.

அப்போது எங்கள் கணிப்பொறி ஆசிரியையான சிஸ்டர் உள்ளே வந்தார்கள். தம் கைப்பேசியை அதே வைஃபையில் இணைத்துப் பார்த்தார்கள். பக்கம் உடனே திறந்தது! பிறகு எங்களைப் பார்த்து, "ஏம்மா, திரையிலே என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது படித்தீர்களா?" என்று கேட்டார்கள். நாங்கள் தலை குனிந்தோம். ஏழெட்டு முறை தோன்றிய அந்தச் செய்தியை ஒருவரும் படிக்கவில்லை. "ப்ராக்ஸி சர்வருடன் தொடர்புகொள்ள முடியவில்லை" என்பதே அதன் பொருள்.

பக்கம் எப்படி வந்து சேர்கிறது?

நாம் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது மூன்று காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, நம் கணிப்பொறியிலிருந்து நிறுவனம் வரை பாதை திறந்திருக்க வேண்டும். இரண்டாவது, நாம் எழுதும் பெயரை எண்ணாக மாற்ற வேண்டும். இணையத்தில் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் எண்தான் விலாசம். பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் விலாசப் புத்தகம் போன்ற ஏற்பாட்டை 1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் வகுத்தார். அதன் பெயர் டி.என்.எஸ். மூன்றாவது, உலாவி அந்த விலாசத்துக்கு ஆள் அனுப்பிப் பக்கத்தை வாங்கிவர வேண்டும். இந்த மூன்றில் எங்கே தடை என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

நடுவில் நிற்கும் ஆள்

ப்ராக்ஸி என்பது நமக்குப் பதிலாகக் கடைக்குப் போய்வரும் ஆள். இந்த ஆளை நிறுவனங்கள் ஏன் வைத்தன? இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்டு 15 அன்று கிடைத்தது. அக்காலத்தில் தொலைபேசிக் கம்பி வழியே மோடம் கூவிக்கொண்டு இணையும். பின்னால் வந்த நல்ல மோடத்தின் வேகமே விநாடிக்கு 56 கிலோபிட், அதாவது 7 கிலோபைட்தான். 700 கிலோபைட் உள்ள ஒரு படம் வந்து சேர நூறு விநாடி ஆகும். ஆகவே சில நிறுவனங்கள் படங்களைத் தம் இடத்திலேயே சுருக்கி அனுப்பின. அதற்காக நம் கணிப்பொறியிலும் ஒரு சிறு மென்பொருளை ஏற்றின. "நீ நேரே போகாதே, என்னிடம் சொல்" என்று அது உலாவிக்குக் கட்டளையிட்டுவிடும்.

எங்கள் மூலைக் கணிப்பொறியிலும் இப்படி ஒன்று இருந்தது. முந்தின வாரம் இடம் போதவில்லை என்று வேண்டாதவற்றைக் களைந்தபோது, அதையும் நாங்களே நீக்கிவிட்டோம்! மென்பொருள் போய்விட்டது, ஆனால் அது எழுதிவைத்த கட்டளை போகவில்லை. ப்ராக்ஸியின் விலாசமாக 127.0.0.1 என்ற எண் அப்படியே இருந்தது. அந்த எண்ணுக்கு "நானே" என்று பொருள். வேலைக்காரன் ஊருக்குப் போனது தெரியாமல், காலியான திண்ணையில் நின்று "கடைக்குப் போய்வா" என்று கூவிக்கொண்டிருந்தது எங்கள் உலாவி. உலாவியை மாற்றியும் பயன் இல்லாததன் காரணமும் இப்போது விளங்கியது. விண்டோஸில் இந்தக் கட்டளை பொதுவான ஓர் இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான உலாவிகள் அதையே பார்க்கின்றன.

செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குச் சென்று ப்ராக்ஸி என்பதைத் திறந்தோம். இருந்த எண்ணை முதலில் தாளில் குறித்துக்கொண்டு, பிறகு அதை நிறுத்தினோம். பக்கம் திறந்தது. மணி நான்கு இருபது! அக்காவின் விண்ணப்பம் ஐந்து மணிக்குள் போய்ச் சேர்ந்தது.

சோதிக்கும் முறை

எல்லா வீட்டிலும் கோளாறு ஒன்றாக இராது. நாங்கள் கற்றுக்கொண்ட வரிசையைத் தோழிகளுக்கும் பெற்றோர்க்கும் சொல்லுகிறோம்.

1. திரையில் வரும் செய்தியைப் படியுங்கள். புரியாவிட்டாலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2. அதே வைஃபையில் இன்னொரு கருவியை இணைத்துப் பாருங்கள். அதில் பக்கம் திறந்தால் கம்பியில் குற்றமில்லை. கோளாறு பெரும்பாலும் நம் கணிப்பொறிக்குள்தான். அதிலும் திறக்காவிட்டால் மோடத்தையும் நிறுவனத்தையும் கவனியுங்கள்.

3. பிங் என்ற கட்டளையை விடுங்கள். 1983-இல் அமெரிக்கரான மைக் மூஸ் எழுதிய சின்னஞ்சிறு நிரல் இது, "இருக்கிறாயா?" என்று கேட்கும், பதில் வந்தால் சொல்லும். பிங் என்று எழுதி 8.8.8.8 என்ற எண்ணைக் கொடுங்கள். பிறகு ஓர் இணையதளத்தின் பெயரைக் கொடுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு விலாசமே கிடைக்கவில்லை என்றால் கோளாறு டி.என்.எஸ்.ஸில் இருக்கிறது. இரண்டுக்கும் பதில் வந்தும் உலாவி மட்டும் மறுத்தால் ப்ராக்ஸியைச் சந்தேகியுங்கள்.

4. டி.என்.எஸ். கோளாறு எப்படி வருகிறது? பழைய நிறுவனத்தின் மென்பொருள் தன் விலாசப் புத்தகத்தின் எண்ணை நம் கணிப்பொறியில் எழுதிவிட்டிருக்கும். நாம் நிறுவனத்தை மாற்றியபின் அந்தப் புத்தகம் வெளியாருக்குப் பதில் சொல்லாது. அந்த எண்ணை நீக்கி, தானாகப் பெறும்படி வையுங்கள். அல்லது 2009-இல் கூகுள் தொடங்கிய 8.8.8.8, 2018-இல் கிளவுட்ஃபிளேர் தொடங்கிய 1.1.1.1 ஆகிய பொதுப் புத்தகங்களில் ஒன்றைக் கொடுங்கள்.

5. சில தளங்கள் மட்டும் திறந்து, வேறு சில பாதியில் நின்றால் பொட்டலத்தின் அளவைப் பாருங்கள். செய்திகள் வழக்கமாக 1500 பைட் வரையுள்ள பொட்டலங்களாகப் போகும். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பி.பி.பி.ஓ.ஈ. முறையில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 8 பைட் மேலுறை சேருகிறது. ஆகவே உள்ளே 1492 பைட்தான் கொள்ளும். மோடத்தில் இந்த அளவு தவறாக இருந்தால் சிறிய பொட்டலங்கள் போகும். பெரியவை வாசலில் சிக்கிக்கொள்ளும். மோடத்தில் எம்.டி.யூ. என்ற இடத்தில் 1492 என்று வைத்துப் பாருங்கள்.

6. மென்பொருளை நீக்கியபின் பிங்கும் போகவில்லை, எதுவும் போகவில்லை என்றால், விண்டோஸின் இணைப்பு அடுக்கிலேயே அது எதையோ விட்டுச் சென்றிருக்கலாம். "நெட்ஷ் வின்சாக் ரீசெட்" என்ற கட்டளை அந்த அடுக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். நிர்வாகி உரிமையுடன் கொடுத்து, கணிப்பொறியை மறுபடி தொடங்குங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்யுங்கள். பயனில்லை என்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பத்தையும் ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாது. பள்ளியிலும் அலுவலகத்திலும் ப்ராக்ஸியை வேண்டுமென்றே வைத்திருப்பதும் உண்டு. பொறுப்பாளரைக் கேளாமல் கை வைக்கலாகாது.

பெற்றோர் கவனத்திற்கு

"இணைப்பைச் சரிசெய்கிறோம்" என்று யாராவது தாமாகவே தொலைபேசியில் அழைத்து, ஏதேனும் மென்பொருளை ஏற்றச் சொன்னாலோ, கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணைக் கேட்டாலோ உடனே வைத்துவிடுங்கள். உதவி வேண்டுமானால் உங்கள் ரசீதில் உள்ள எண்ணை நீங்களே அழையுங்கள். வங்கிப் பக்கத்தில் "சான்றிதழ் சரியில்லை" என்ற எச்சரிக்கை வந்தால் அதைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். நடுவில் நிற்கும் ஆள் எல்லாருமே நல்லவர்கள் அல்லர்.

அந்த அக்காவுக்கு உதவித்தொகை கிடைத்தது. இப்போது நர்சிங் படிக்கிறார். விடுமுறையில் பள்ளிக்கு வந்தபோது, "இன்னும் என்னவெல்லாம் நீக்கினீர்கள்?" என்று கேட்டு எங்களைச் சிரிக்க வைத்தார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அன்று அரை மணி நேரம் நாங்கள் ஆத்திரத்தில் கம்பியைப் பிடுங்கினோம். விடையோ முதல் நிமிடத்திலேயே திரையில் எழுதியிருந்தது. இப்போது எங்கள் கணிப்பொறி அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. "முதலில் படி" என்பதே அதில் உள்ள வாசகம்.

— கணிப்பொறிப் பிரிவு மாணவியர், பதினோராம் வகுப்பு