சூரியப் புயல் மரபணுவை மாற்றுமா? மரக்காணம் உப்பளத்தில் இருக்கிறது பதில்!

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிறது கிளியனூர். அங்கிருந்து கிழக்கே, கடலை நோக்கிப் போனால் மரக்காணம் உப்பளங்கள். கோடை வந்துவிட்டால் பாத்தி பாத்தியாக வெள்ளை வெளேரென்று உப்பு. நிழலுக்கு ஒரு மரம்கூடக் கிடையாது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உப்பு வாருகிறார்கள் தொழிலாளர்கள்.

2024 மே மாதம் பெரிய சூரியப் புயல் ஒன்று பூமியைத் தாக்கியது. 2003-க்குப் பிறகு அவ்வளவு பலமான புயல் வந்ததில்லை. லடாக்கின் ஹான்லேயில் இரவு வானமே சிவந்தது. இப்படி ஒரு புயல் வரும்போதெல்லாம், 'நம் மரபணுவே மாறிவிடுமாமே' என்ற பயமும் வாட்ஸ்அப்பில் கிளம்பிவிடுகிறது. கிரகணத்தன்று கர்ப்பிணிகள் வெளியே வரக் கூடாது என்பார்களே, அதன் புதுப் பதிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்!

உண்மையில், புயலோடு வரும் துகள்களைப் பூமியின் காந்தப்புலமும் காற்று மண்டலமும் தடுத்துவிடுகின்றன. கவலைப்பட வேண்டியவர்கள் விண்வெளி வீரர்கள்தான். தரையில் இருக்கும் நம் மரபணுவைத் தொடுவது, தினமும் அடிக்கிற சாதாரண வெயில்.

வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் தோல் செல்லுக்குள் நுழைந்தால், டி.என்.ஏ சங்கிலியில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். செல் சும்மா இருக்காது. அந்த இடத்தில் ஏறக்குறைய 30 எழுத்துகளை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதும். இந்த வேலை எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் அஜீஸ் சாஞ்சார் 2015-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பழுது பார்ப்பதில் தவறிப்போனவை ஆண்டுக்கணக்கில் சேரும்போதுதான் தோல் புற்றுநோய் அபாயம். இந்தக் கதிர் உடம்புக்குள் ஆழமாகப் போகாது என்பதால், பிள்ளைகளுக்கு இந்தப் பாதிப்பு கடத்தப்படுவதில்லை.

வெயிலில் கறுத்துப்போகிறோமே, அதுவும் மரபணு வேலைதான். அடிபட்ட செல்கள் சமிக்ஞை அனுப்ப, மெலனின் தயாரிக்கும் மரபணுக்கள் முடுக்கிவிடப்படுகின்றன. கறுப்பு, நம் தோலுக்குக் குடை!

உப்பளப் பாத்தியில் தண்ணீர் சுண்டச் சுண்ட, சில சமயம் இளஞ்சிவப்பாகும். கடும் உப்பிலும் உயிர் வாழும் நுண்ணுயிரிகளின் நிறம் அது. அவற்றில் டுனாலியெல்லா என்ற பாசி, வெயில் ஏற ஏற பீட்டா கரோட்டினைக் குவித்துக்கொள்ளும். கேரட்டில் இருக்கும் அதே நிறமி. ஹாலோபாக்டீரியம் என்ற இன்னொரு நுண்ணுயிரியிடம் ஒட்டிய எழுத்துகளைப் பிரிக்கும் நொதியே உண்டு. அதற்குச் சக்தி தருவது அதே சூரிய வெளிச்சம். முள்ளை முள்ளால் எடுக்கும் இந்த நொதி மனிதர்களிடம் இல்லை.

நம் கண்ணுக்குத் தோலைப் போலக் குடையும் இல்லை. உப்பளத்தில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. வெள்ளை உப்பும் தண்ணீரும் அதைக் கீழிருந்தும் முகத்தில் திருப்பி அடிக்கும். தலைத்துண்டு அதற்கு உதவாது. பல வருடங்கள் இப்படிக் கதிர் பட்டால் கண்ணில் சதை வளரலாம், புரை சீக்கிரம் வரலாம்.

காலை 10 முதல் மாலை 3 வரைதான் கதிர் உச்சம். வெயில் ஏறும் முன்பே வேலையை முடிப்பது நல்லது. கண்ணாடி வாங்கினால் 'யூவி 400' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தடுப்பு இல்லாத வெறும் கறுப்புக் கண்ணாடி போட்டால், கண்ணின் பாவை விரிந்து கூடுதல் கதிர் உள்ளே போகும்.