நகையும் உடலும்

எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கன்வழி நகை தோன்றுமென்பர் தொல்காப்பியர். ஆணை விழையும் ஆண்மக்களைப் பற்றிய நகைச்சுவைப் படங்கள் இவற்றுள் எதனை நாடுகின்றன? 2008-இல் வெளிவந்த 'தோஸ்தானா' என்னும் இந்திப் படத்தில், வாடகைக்கு வீடு பெறும்பொருட்டு இருவர் காதலராக நடிக்கின்றனர். ஆண்டு நளினமான அசைவுகள் எள்ளப்படுகின்றன. ஜான் ஆபிரகாமின் திரண்ட தோள்களோ போற்றப்படுகின்றன. 2018-இல் உச்ச நீதிமன்றம் இத்தகையோர் உறவு குற்றமன்றெனத் தீர்ப்பளித்தது. 2020-இல் வந்த 'சுப் மங்கல் ஜியாதா சாவ்தான்' என்னும் படமோ, காதலரை மறுக்கும் தந்தையின் பேதைமையையே நகைக்கு நிலைக்களனாக்கிற்று. திருபுவனை போன்ற சிற்றூரின் இளைஞனொருவன் முன்னதைக் கண்டு தன் மெலிந்த உடலையும் மென்னடையையும் மறைக்கக் கற்பான். பின்னதைக் கண்டு உள்ளவாறே நிமிர்ந்து நிற்பான். ஆதலின், படமெடுப்போர் எள்ளலை விடுத்து ஏனை மூன்றையும் நாடுவாராக என வேண்டுகின்றோம்.